போக வேண்டும் என்று தெரிந்தும் மருத்துவரிடம் போகாமல் இருக்கிறேன்

ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 56. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து மாதங்களுக்கு முன் உள்ளாடையில் லேசான ரத்தக்கறை தெரிந்தது. இரண்டு நாளில் நின்றுவிட்டது. அதன் பிறகு மாதம் ஒருமுறையோ இருமுறையோ வந்துபோகிறது. சில நாள் பழுப்பாக, சில நாள் சிவப்பாக. வலி கிடையாது. கணவர் பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து படுக்கையில் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வதும், வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிச் சம்பாதிப்பதும் இவர்தான். சேமிப்பெல்லாம் கணவரின் சிகிச்சையில் கரைந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் ஒரே மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளைப்படுதலுக்காக ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். பரிசோதனை மேசையில் படுத்திருந்தபோது, திரையை மூடாமலேயே பயிற்சி மாணவர்கள் வந்து சுற்றி நின்றிருக்கிறார்கள். "இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு வந்தால் நான் எதைப் பார்ப்பது?" என்று அந்த மருத்துவர் அத்தனை பேர் முன்னிலும் கேட்டிருக்கிறார். அதன் பிறகு தனக்காக இவர் எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. அக்கா 48 வயதில் குடல் புற்றுநோயால் இறந்தவர். அறுவை சிகிச்சை நடந்த நான்காம் மாதமே போய்விட்டார். "கத்தி பட்டதால்தான் பரவியது" என்று குடும்பத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். இம்முறை ஒரு மருத்துவமனைக்குப் போய், சீட்டு வாங்கும் வரிசையில் நின்றிருக்கிறார். "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று அங்கிருந்தவர் உரக்கக் கேட்டதும், பதில் சொல்லாமல் வீடு திரும்பிவிட்டார்.

அவர் கேட்பவை மூன்று. மகளுக்குப் பிரசவம் ஆகும்வரை மூன்று மாதம் தள்ளிப்போடலாமா? உள்ளே பரிசோதிக்காமல் வயிற்றின் மேல் ஸ்கேன் மட்டும் எடுத்தால் போதாதா? மூன்றாவது: "போக வேண்டும் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் போகாமல் இருக்கிறேனே, நான் கோழையா, அறிவில்லாதவளா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். மூன்று மாதம் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் ஒரு மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். இன்று இரவே ஓட வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் மகளின் பிரசவத் தேதியோடு முடிச்சுப் போடக்கூடிய விஷயமும் இல்லை.

கடைசி மாதவிடாய் வந்து பன்னிரண்டு மாதம் கடந்துவிட்டால் மாதவிடாய் முற்றிலும் நின்றுவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு படும் ரத்தம், ஒரு துளியானாலும், பழுப்புக் கறையானாலும், ஒரே ஒரு முறை வந்து நின்றுபோனாலும், காரணம் தேடப்பட வேண்டியது. "மறுபடியும் மாதவிடாய் வருகிறதோ என்று நினைத்தேன்" என எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

காரணம் பெரும்பாலும் ஆபத்தில்லாததுதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு குறைவதால் பிறப்புறுப்பின் உட்பகுதியும் கருப்பையின் உட்சவ்வும் மெலிந்து, வறண்டு, லேசாக உரசினாலும் கசியும். இதுவே அடிக்கடி காணப்படும் காரணம். உட்சவ்வில் சிறு சதை வளர்ந்திருக்கலாம். உட்சவ்வு தடித்திருக்கலாம். கருப்பை வாயிலிருந்து வரலாம். சிலருக்குச் சிறுநீரிலோ மலத்திலோ வரும் ரத்தம் கூட இங்கிருந்து வருவதாகத் தோன்றிவிடும். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முன்பு நடந்த பல ஆய்வுகளிலிருந்து 40,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்ட நூறு பெண்களில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருந்தது. தொண்ணூற்றொரு பேருக்கு இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படி ரத்தம் பட்டிருந்தது. உடலின் உள்ளே வளரும் பல புற்றுநோய்கள் முற்றும்வரை சத்தமே காட்டாது. இது தொடக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கருப்பையைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். பெரும்பாலும் ஒரு அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். கதிர்வீச்சும் கீமோதெரபியும் அதிகம் தேவைப்படுவது தாமதித்தவர்களுக்கே. உங்களுக்கு இது புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒன்பது பேரில் நீங்கள் ஒருவரா இல்லையா என்பதை ஒரு சாதாரண பரிசோதனையில் அறிந்துகொள்ளலாம் என்கிறேன். அறியாமல் ஐந்து மாதமாக நீங்கள் சுமக்கும் பயம் அந்தப் பரிசோதனையை விடப் பெரிய துன்பம்.

வலி இல்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தி ஆகாது

உங்கள் கடிதத்தில் அதிகம் வரும் வரி "வலி எதுவும் இல்லை" என்பதுதான். வலித்திருந்தால் முதல் வாரமே போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த நோயில் வலி தாமதமாகவே வரும், சிலருக்கு வராமலே போகும். ரத்தம் தானாக நின்றுவிடுவதும் நல்ல அறிகுறி என்று கொள்ள முடியாது. விட்டுவிட்டு வருவதுதான் இதன் வழக்கம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் எடுத்த பாப் ஸ்மியர் சோதனை சரியாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எடுத்துக்கொண்டது நல்லது. ஆனால் அது கருப்பை வாயைப் பற்றிய சோதனை. கருப்பைக்குள் நடப்பதை அது நம்பகமாகச் சொல்லாது. அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு இதற்குச் சமாதானம் தேட முடியாது.

நீங்கள் கோழையா?

இல்லை. மூன்றாவது கேள்வியாக இதைக் கேட்டிருந்தாலும், கடிதம் முழுவதும் இந்தக் கேள்விதான் ஓடுகிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தனக்கு மருத்துவம் தேவை என்று உணர்ந்தும் போகாமல் இருப்பவர்கள் எல்லா நாடுகளிலும், எல்லா வருமானத்திலும், எல்லாப் படிப்பிலும் இருக்கிறார்கள். மருத்துவர்களிலேயே இருக்கிறார்கள். புற்றுநோய் அறிகுறியோடு வந்த பெண்களைப் பற்றி உளவியலாளர்களான பார்பரா ஆண்டர்சனும் ஜான் காசியோப்போவும் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் அறிகுறி தொடங்கி நோய் உறுதியாகும்வரை ஆகும் காலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். அந்தக் காலத்தில் குறைந்தது 60 சதவீதம், "இது நோய்தானா, வேறு ஏதாவதா" என்று மனம் எடைபோடுவதிலேயே கழிந்திருந்தது. சீட்டுக் கிடைக்கக் காத்திருந்த காலமும் சிகிச்சை தொடங்க ஆன காலமும் அதற்குப் பிறகுதான். உடல் ஓர் அறிகுறியைக் காட்டும்போது, அதற்கு அச்சமில்லாத விளக்கத்தைத் தேடுவது மனித மனத்தின் இயல்பு. கணவரைத் தூக்கிய பாரத்தால் வந்திருக்கும், வேலைக் களைப்பால் வந்திருக்கும், வயதால் வந்திருக்கும் என்று நீங்கள் மாதம் ஒரு விளக்கம் கண்டுபிடித்தது இதனால்தான்.

இர்விங் ஸோலா என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் இன்னொன்றைச் சொன்னார். மக்கள் பெரும்பாலும் நோய் உச்சத்துக்குப் போகும்போது மருத்துவரிடம் வருவதில்லை. நோயோடு அவர்கள் செய்துகொண்ட சமரசம் உடையும்போதுதான் வருகிறார்கள். வேலை தடைப்படும்போது, நெருங்கியவர் ஒருவர் "போய்ப் பார்" என்று வற்புறுத்தும்போது, "திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் போகிறேன்" என்று தானே வைத்த கெடு முடியும்போது. உங்கள் கதையில் இவற்றில் எதுவும் நடக்கவில்லை. ரத்தக்கறை உங்கள் வேலையைத் தடுக்கவில்லை. யாருக்கும் தெரியாததால் வற்புறுத்த ஆளில்லை. நீங்கள் வைத்த கெடுவோ மூன்று மாதம் தள்ளி இருக்கிறது. வாசல்வரை போனீர்களே, அதைச் செய்தவர் கோழை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் பணம், நேரம், மகள், அக்கா, உடல் பருமன், அவமானம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். சேர்த்துப் பார்த்தால் தாண்டவே முடியாத மதில் போலத் தெரிகிறது. 1981இல் பென்சான்ஸ்கி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மருத்துவம் எட்டுவது, எட்டாமல் போவது என்பதை ஐந்தாகப் பிரித்தார்கள்: மருத்துவம் இருக்கிறதா, போகும் தூரத்தில் இருக்கிறதா, அதன் நேரமும் நடைமுறையும் நம் வாழ்க்கைக்கு ஒத்துவருகிறதா, செலவு தாங்குமா, அங்கே நம்மை மனிதராக ஏற்கிறார்களா. உங்களுக்கு முதல் இரண்டும் தடையில்லை. மருத்துவமனை நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நேரமும் பணமும் உண்மையான தடைகள், ஆனால் வழி உண்டு. வரிசையில் நின்றபோது உங்களிடம் சீட்டுக்குப் பணம் இருந்தது. கணவருக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். ஆனாலும் திரும்பினீர்கள். உங்களைத் திருப்பி அனுப்பியது ஐந்தாவது தடை. அதை "பணமில்லை" என்ற பெயரில் மறைத்து வைத்தால், பணம் வந்த பிறகும் போக மாட்டீர்கள்.

அன்று உங்களுக்கு நடந்தது தவறு

திரை மூடாமல் ஒரு பெண்ணைப் பரிசோதிப்பதும், அவர் அனுமதியின்றி மாணவர்களை நிறுத்துவதும், அவர் உடலைப் பற்றிப் பிறர் கேட்கப் பேசுவதும் மருத்துவ அறத்துக்கு எதிரானவை. இதில் இரண்டு பக்கம் எதுவும் இல்லை. உலக மருத்துவச் சங்கம் 1981இல் லிஸ்பனில் வெளியிட்ட நோயாளர் உரிமைப் பிரகடனம் நோயாளியின் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் எல்லா நேரத்திலும் மதிக்கச் சொல்கிறது. பரிசோதனையையோ கற்பித்தலில் பங்கெடுப்பதையோ மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்கிறது. மருத்துவரைத் தேர்ந்தெடுக்கவும், எந்தக் கட்டத்திலும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் உரிமை தருகிறது. ஒரு மருத்துவர் என்ற முறையில், அவர் பேசிய பேச்சுக்காக நான் வெட்கப்படுகிறேன்.

அந்தப் பேச்சால் நடந்த தீங்கு அன்றோடு முடியவில்லை. கடந்த ஐந்து மாதமும் அதன் தொடர்ச்சிதான். எடையைப் பற்றி அவமானப்பட்டவர்கள் மருத்துவமனையைத் தவிர்ப்பது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். இதில் கொடுமை என்னவென்றால், இந்த அறிகுறியோடு கட்டாயம் வர வேண்டியவர்களும் அவர்களே. மாதவிடாய் நின்றபின் உடலின் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. அது கருப்பை உட்சவ்வைத் தூண்டிக்கொண்டே இருப்பதால், பருமனானவர்களுக்கு உட்சவ்வுப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. நீங்கள் போகும் இடத்தில் எடையைப் பற்றிக் கேட்பார்கள். இதற்காகக் கேட்டால் அது நியாயமான கேள்வி. அவமதிப்பாகக் கேட்டால், "என் எடை எனக்குத் தெரியும். இன்று ரத்தத்துக்கான காரணத்தைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து வேறு மருத்துவரிடம் போவதும் உங்கள் உரிமை. வீட்டுக்குத் திரும்புவதை மட்டும் இம்முறை செய்யாதீர்கள்.

பரிசோதனைக்கு முன் நீங்கள் கேட்கக்கூடியவை சில. பலர் இவற்றைக் கேட்கலாம் என்றே அறிந்திருப்பதில்லை:

• பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று சீட்டு வாங்கும்போதே சொல்லலாம். உங்கள் துணைக்கு ஒருவரோ, ஒரு பெண் செவிலியரோ அருகில் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.
• பயிற்சி மாணவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சையும் அதனால் குறையக்கூடாது.
• உங்கள் உடலுக்கு வறட்சி இருக்கும். சிறிய அளவு கருவியையும் போதிய வழவழப்புக் களிம்பையும் கேளுங்கள். "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.
• பிறப்புறுப்பு வழியாக ஒரு மெல்லிய கருவியை நுழைத்து எடுப்பது உள்வழி ஸ்கேன். அந்தக் கருவியை நீங்களே உள்ளே வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் இதை அனுமதிக்கிறார்கள், கேட்டால் போதும்.

வரிசையில் உரக்கக் கேட்டவருக்கு என்ன பதில் சொல்வது? வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். ஒரு சிறு தாளில் முன்பே எழுதி எடுத்துப் போய் நீட்டுங்கள்: "வயது 56. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள். ஐந்து மாதமாக இடையிடையே ரத்தம் படுகிறது. பெண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்." இந்த வரிகளைப் படிக்கும் பயிற்சி பெற்ற எவருக்கும் இது தள்ளிப்போடக்கூடாத அறிகுறி என்று தெரியும். மருத்துவர் முன்னாலும் நா எழவில்லை என்றால் அதே தாளை அவரிடம் கொடுங்கள். மாத்திரைகள் ஏதாவது சாப்பிட்டால் அவற்றின் பெயரையும் கீழே எழுதுங்கள். ரத்த அழுத்தத்துக்குப் பழைய சீட்டை வைத்தே மாத்திரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதையும் அன்றே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வயிற்றின் மேல் ஸ்கேன் போதாதா?

போதாது. வயிற்றின் மேலிருந்து எடுக்கும் ஸ்கேனில், அதுவும் வயிற்றில் சதை கூடுதலாக இருப்பவர்களுக்கு, உட்சவ்வின் தடிப்பைச் சரியாக அளக்க முடியாது. இங்கே கணக்கு மில்லிமீட்டரில் நடக்கிறது. உள்வழி ஸ்கேனில் உட்சவ்வு 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ தெளிவாகத் தெரிந்தால், புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. பலருக்கு அத்தோடு முடிந்துவிடும். அதைவிடத் தடிப்பாக இருந்தாலோ, சரியாகத் தெரியாவிட்டாலோ, ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ திசுப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே பலமுறை வந்திருப்பதால், ஸ்கேன் நன்றாக இருந்தாலும் மருத்துவர் திசுப் பரிசோதனை வேண்டும் என்று சொல்லக்கூடும். சொன்னால் பயந்துவிடாதீர்கள். முழுமையாகப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

திசுப் பரிசோதனை என்பது, மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள வளையக்கூடிய குழாயைக் கருப்பை வாய் வழியாக நுழைத்துச் சிறிது திசுவை உறிஞ்சி எடுப்பது. வெட்டும் கிடையாது, தையலும் கிடையாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாதவிடாய் வலி போல் ஒரு சுருக்கென்ற பிடிப்பு வரும். சிலருக்கு அது கடுமையாகவே இருக்கும், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். முன்னதாக வலி மாத்திரை எடுக்கலாமா என்று கேளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் மரத்துப்போகும் ஊசியோ மயக்க மருந்தோ கொடுத்து எடுக்கும் வழியும் உண்டு. கருப்பையை எடுக்க ஒப்புதல் என்று யாரும் அன்றே கையெழுத்து வாங்க வேண்டிய தேவை இல்லை. பரிசோதனைக்குச் சம்மதிப்பது வேறு, அறுவைக்குச் சம்மதிப்பது வேறு. "உள்ளே போனால் கருப்பையை எடுத்துவிடுவார்கள்" என்ற அச்சத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

அக்காவைப் பற்றி

இதை எழுதத் தயங்கினேன். ஆனால் நீங்கள் எழுதிய விவரமே இதற்கு விடை வைத்திருக்கிறது. அக்காவுக்கு ஓராண்டுக்கும் மேலாக மலத்தில் ரத்தம் போனது, அதை மூலம் என்று நினைத்து யாருக்கும் காட்டாமல் மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார், வயிற்றைத் திறந்தபோது கல்லீரல்வரை பரவியிருந்தது என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். பரவல் அறுவைக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. கத்தி அதைக் கண்டது, பரப்பவில்லை. துயரத்தில் இருக்கும் குடும்பம் கடைசியாக நடந்ததையே காரணமாக்குவது இயல்புதான். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கையை வைத்து உங்கள் முடிவை எடுக்காதீர்கள். கருப்பை உட்சவ்வில் திசு எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவிவிடும் என்று அஞ்சித் தவிர்க்க வேண்டியதில்லை. உலகெங்கும் இந்த நோயைக் கண்டறியும் வழியே அதுதான்.

இன்னொன்றும் உண்டு. 50 வயதுக்குள் குடல் புற்றுநோய் வந்தவர்களின் சில குடும்பங்களில் லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரை மரபணு மாற்றம் இருக்கிறது. அது இருக்கும் பெண்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வாய்ப்பும் கூடும். உங்கள் குடும்பத்தில் அது இருக்கிறதா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. அக்காவின் வயதையும் நோயையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு யாருக்காவது குடலிலோ கருப்பையிலோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கும் நாளை பயன்படக்கூடிய தகவல் இது.

செலவும் நேரமும்

பணத்தைப் பற்றிய உங்கள் கவலையை நான் சிறிதாக்கவில்லை. 2021 நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 450 கோடிப் பேருக்கு அடிப்படை மருத்துவச் சேவைகள் முழுமையாக எட்டவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சொல்கின்றன. 2019இல் ஏறத்தாழ 200 கோடிப் பேருக்கு மருத்துவச் செலவு பண நெருக்கடியாக மாறியிருந்தது. அமெரிக்காவில் 1970களில் தொடங்கிப் பல ஆண்டுகள் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய காப்பீட்டுப் பரிசோதனை, கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருந்தால் மக்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டியது. ஆனால் தேவையற்ற சிகிச்சையை மட்டும் அவர்கள் குறைக்கவில்லை. தேவையானதையும் அதே அளவுக்குக் குறைத்தார்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நோயாளி தனியே பிரித்தறிய முடியாது. அதனால் நான் பிரித்துத் தருகிறேன்.

இப்போது உங்களுக்குத் தேவைப்படுபவை: மருத்துவர் நேரில் பார்ப்பது, உள்வழி ஸ்கேன், மருத்துவர் சொன்னால் திசுப் பரிசோதனை, ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு ரத்தச் சோதனை. தொடக்கத்தில் தேவைப்படாதவை: முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு, எம்ஆர்ஐ, ரத்தத்தில் புற்றுநோய்க் குறியீடு தேடும் சோதனைகள். யாராவது இவற்றை முதல் நாளே எழுதினால், "இதன் முடிவால் என் சிகிச்சை எப்படி மாறும்?" என்று கேளுங்கள். கட்டணத்தைத் தனித்தனியாக முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். அரசு மருத்துவமனை இருந்தால் அங்கேயே போகலாம். இந்தப் பரிசோதனைகள் எல்லாம் சாதாரணமானவை, இவற்றுக்குப் பெரிய இடத்தைத் தேட வேண்டியதில்லை. பல மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். நோயாளிகள் அவரைக் கடைசியாகத்தான் தேடுகிறார்கள், நீங்கள் முதலிலேயே தேடுங்கள்.

கணவருக்கு யார் துணை என்பதற்கு ஒரு வார்த்தை. கணவருக்கு மருந்து வேளை தவறியதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கையால் உங்கள் பரிசோதனை நாளையும் அவருடைய மருந்து அட்டவணையிலேயே எழுதி வையுங்கள். உங்களுக்கு ஒன்று ஆனால் அவருக்கு வேறு ஆள் இல்லை என்பதைக் காரணமாக வைத்து இத்தனை நாள் போகாமல் இருந்தீர்கள். அதே காரணத்துக்காகத்தான் இப்போது போக வேண்டும்.

மகளிடம் சொல்வதா?

இது உங்கள் முடிவு. மருத்துவரும் உங்கள் அனுமதியின்றி அவளிடம் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: முடிவு தெரியாத நிலையில் கர்ப்பிணியைக் கலங்கவைக்க வேண்டாம் என்பது. ஆனால் மகள்கள் பின்னால் தெரிந்துகொள்ளும்போது, நோயைவிடத் தன்னிடம் மறைத்ததற்காகவே அதிகம் உடைந்துபோவார்கள். என் எண்ணம் இது: சீட்டு வாங்கி நாள் குறித்த பிறகு சொல்லுங்கள். "எனக்கு ரத்தம் படுகிறது, பயமாக இருக்கிறது" என்று சொன்னால் அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. "வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் அப்பாவுக்குத் துணையாக இருக்க ஓர் ஆளைப் பார்த்துக் கொடு" என்றால் அவளுக்கும் செய்ய ஒரு வேலை இருக்கும். உங்களுக்கும் திரும்பி வர முடியாதபடி ஒரு சாட்சி இருக்கும். மகளிடம் முடியாது என்றால், அன்று கணவரைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரிடமாவது நாளையும் நேரத்தையும் சொல்லி வையுங்கள்.

குறித்த நாளுக்கு முன்பே ரத்தம் கூடி மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு வந்தாலும், பெரிய கட்டிகளாகப் போனாலும், தலைசுற்றி மயக்கம் வந்தாலும், அடிவயிற்றில் கடும் வலியோ காய்ச்சலோ கண்டாலும் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், எழுதிய தாளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வரிசையைவிட அவசரத்துக்கே முன்னுரிமை.